இளையோர் புதினத் தமிழாக்கமும் பேச்சுவழக்கும்

வால்டர் டீன் மயர்சின் 'ஸ்லாம்!' (1996) நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளரும் பதினேழு வயதுக் கூடைப்பந்து வீரனின் கதை. இதனைத் தமிழாக்குவோர்க்கு ஆட்டக் கலைச்சொற்கள் பெருந்தடையல்ல. களமும் குரலுமே சிக்கலானவை.

ஏழ்மை மிக்க நகர்ப்பகுதியைச் சுட்டும் அமெரிக்க வழக்கை 'உள்நகர்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் திரியும். தில்லியில் யமுனைக் கரையிலிருந்த நங்லா மாஞ்சிக் குடியிருப்பு 2006இல் இடிக்கப்பட்டபோது, மாற்றிடம் பெற்றோர் நகரின் எல்லையிலுள்ள சாவ்தா கேவ்ராவுக்குச் சென்றனர். இங்கு ஏழ்மை விளிம்புக்குத் தள்ளப்படுகிறது. 'சேரி' என்றாலோ மூலத்தில் இல்லாத சாதிக் குறிப்பும் ஏறிவிடும். எனவே ஹார்லெம் என்ற இடப்பெயரை அவ்வாறே ஆண்டு, அதன் வாழ்நிலையைக் கதைப்போக்கே உணர்த்துமாறு விடுதல் தக்கது.

குரலைப் பொறுத்தவரை, உரையாடலைப் பேச்சுவழக்கிலும் கதைக்கூற்றை எழுத்துவழக்கிலும் அமைப்பது தமிழ்ப் புனைகதையின் பெருவழக்கு. இப்புதினமோ சிறுவனின் தன்மைக்கூற்று. கூற்றை எழுத்துத்தமிழாக்கினால் அவனுக்குப் பதிலாக ஆசிரியர் ஒருவர் பேசுவதாகிவிடும். சென்னைப் பேச்சை அப்படியே ஏற்றினால், திரைப்படம் அதற்கு அளித்த நகைச்சுவைச் சாயல் குறுக்கிடும். வட்டாரச் சொற்களைக் குறைத்து, பேச்சின் வினைவடிவங்களையும் தொடரமைப்பையும் பேணுவதே ஏற்புடைய வழி.