விலகிய ஊர்தியை மீட்கும் மரபுகள்

அனுப்பியும் ஏற்பியும் தனித்தனிப் படிகங்களை நம்பி ஓடுகின்றன. அவற்றின் அதிர்வெண்கள் ஒருபோதும் முழுதாக ஒத்துப்போவதில்லை. ஊர்தி அலையில் விழும் இந்த விலகலால், பண்பிறக்கம் செய்த சைகைப் புள்ளிகள் நிற்காமல் சுழல்கின்றன. சிமுலேஷனில் இதைக் கொண்டுவர ஒரே வரி போதும்: ஒவ்வொரு மாதிரியையும் அந்த நேரத்துக்குரிய கட்டச் சுழற்சியால் பெருக்கிவிடலாம். அந்த வரியை நேர்மையாக எழுத வேண்டுமானால், சுழற்சியை அகற்ற எழுந்த மரபுகளைத் தெரிந்திருக்க வேண்டும்.

மூத்த மரபு பின்னூட்ட வளையத்தை நம்பியது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பணியாற்றிய ஜான் கோஸ்டாஸ் 1956இல் எழுதிய கட்டுரை அதன் சிகரம். ஊர்தியையே அனுப்பாத சைகையிலிருந்தும், 90 பாகை விலகிய இரு கிளைகளின் பெருக்கலைக் கொண்டு அலையியற்றியைத் திருத்த முடியும் என்று அவர் காட்டினார். இன்றும் வியக்கவைக்கும் எளிமை அது. ஆனால் வளையம் பூட்டிக்கொள்ள நேரம் எடுக்கும். சிறு பொட்டலங்களாக வரும் தரவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அடுத்த மரபு பின்னூட்டத்தையே கைவிட்டது. நான்கு கட்டங்களில் தரவைச் சுமக்கும் க்யூபிஎஸ்கே சைகையை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் தரவு மறைந்து, நான்கு மடங்கு விலகல் மட்டும் மிஞ்சும். விலை என்னவென்றால், குறியீட்டு வேகத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்பட்ட விலகலை இது தவறாகப் படிக்கும்.

என் மனம் சாய்வது மூன்றாவது மரபின் பக்கம்: தெரிந்த வடிவத்தை இருமுறை அனுப்பி, இரண்டுக்கும் இடையே கட்டம் எவ்வளவு திரும்பியது என்று அளப்பது. பால் மூஸ் 1994இலும், ஷ்மிடிலும் காக்ஸும் 1997இலும், பல துணை ஊர்திகளில் தரவைப் பிரித்து அனுப்பும் ஓஎஃப்டிஎம்முக்கு இதை வகுத்தார்கள். 1999இல் வந்த 802.11ஏ வைஃபை தரநிலையில் இந்தச் சிந்தனை முழு உருவம் பெற்றிருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் பத்து லட்சத்தில் 20 பங்கு விலகலை அது அனுமதிக்கிறது. இரு முனைகளும் எதிரெதிரே விலகினால் 40 பங்கு, 5.2 கிகாஹெர்ட்ஸில் 208 கிலோஹெர்ட்ஸ். துணை ஊர்திகளின் இடைவெளியோ 312.5 கிலோஹெர்ட்ஸ்தான். 3.2 மைக்ரோநொடிக்கு ஒருமுறை திரும்பும் நீண்ட பயிற்சிக் குறியீடு நுட்பமாக அளக்கும். ஆனால் அதன் எல்லை 156.25 கிலோஹெர்ட்ஸ். அதனால்தான் அதற்கு முன்னே, 0.8 மைக்ரோநொடிக்கு ஒருமுறை திரும்பும் குறுங்குறியீடு வருகிறது. அதன் எல்லை 625 கிலோஹெர்ட்ஸ். முதலில் தோராயம், பிறகு துல்லியம்.

முறைகளை ஒப்பிட, ரைஃபும் பூர்ஸ்டினும் 1974இல் தந்த அடிவரம்பு இருக்கிறது. இரைச்சலில் ஒருபக்கச் சாய்வற்ற எந்தக் கணிப்பும் அதற்குக் கீழே பிழையைக் குறைக்க முடியாது. சிமுலேஷனில் வரும் பிழை வரைகோடு அந்த வரம்புக்குக் கீழே போனால், நிரலில் பிழை தேடுங்கள்.

பல பாடநிரல்கள் விட்டுவிடுவது மாதிரிக் கடிகாரத்தை. ஊர்தியும் கடிகாரமும் ஒரே படிகத்திலிருந்து வர வேண்டும் என்பது 802.11ஏ தரநிலையின் விதி. ஊர்தி 40 பங்கு விலகினால் கடிகாரமும் 40 பங்கு விலகும். 1,500 பைட்டை 6 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 2 மில்லிநொடி ஆகும். 20 மெகாஹெர்ட்ஸில் அது 40,000 மாதிரி. முடிவில் 1.6 மாதிரி நழுவியிருக்கும். ஓரத்துத் துணை ஊர்தி 234 பாகை திரும்பியிருக்கும். ஊர்தி விலகலை மட்டும் திருத்தும் ஏற்பி அங்கே வரும் பிட்டுகளைத் தலைகீழாகப் படிக்கும். இந்த நழுவலைச் சேர்க்காத சிமுலேஷனில் அது குறையே இல்லாத ஏற்பியாகத் தெரியும்.