‘ஊருக்கு வெளியே’ என்று யார் சொல்வது?

கதை எழுதத் தொடங்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் கையெழுத்துப் பிரதிகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பல கதைகள் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: ஊருக்கு வெளியே ஒரு சேரி இருந்தது.

யாருக்கு வெளியே? சேரியில் பிறந்த பிள்ளைக்குச் சேரிதானே நடு? ஊர்தான் அந்தாண்ட கெடக்கு. முதல் வரியிலேயே ஊர்த்தெரு திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து நம்ம வீட்டைப் பார்க்கிறோம். இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. கதையை யாருக்குச் சொல்கிறோம் என்ற அரசியல்.

திண்ணைக்காரருக்குச் சொல்லும்போது என்ன நடக்கும்? மாட்டுக்கறி தின்பதை வாக்குமூலம் மாதிரி எழுதுவோம். கறியைக் கீறி, உப்பு மஞ்சள் தடவிக் கொடியில் காயப்போடும் கையின் பக்குவம் கதைக்குள் வராது. பறை அடித்தார்கள் என்று ஒரு வரியோடு நிற்போம். தோலைத் தீயில் காட்டி விறைப்பேற்றுவதும், ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் சிண்டுக்குச்சி பேசுவதும் வராது. நம் பெண்கள் பலாத்காரம் செய்யப்படுவதற்கென்றே கதைக்குள் வந்து போவார்கள். அவர்களுடைய வசவும் கேலியும் வழக்காடுகிற வாயும் எங்கே போச்சு? கடைசிப் பக்கத்தில் ஒரு கலெக்டர் வந்துவிடுவார், இல்லாட்டி ஒரு தீப்பந்தம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்ற கூலிவிவசாயக் குடும்பங்கள் அவை. அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்த நாவல் டெல்லியிலிருந்து வந்த படித்தவர்களின் பார்வையில் நகர்கிறது. பண்ணையாரின் ஆண்மைக் குறை அதில் முக்கியக் காரணமாகிப் போகிறது. கூலியும் சாதியும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இதை எதிர்த்துக் கேள்வி கேட்கும் நாம், அதே தூரத்தில் நின்று நம் சனங்களை எழுதலாமா?

1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ தெருப்பேச்சிலேயே கதை சொன்னது. யாருக்கும் பொழிப்புரை போட்டு நிற்கவில்லை. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ இன்னொரு துணிச்சல். நம் தலைவராக வரும் காத்தமுத்துவை அவர் மகள் கௌரியே கேள்வி கேட்கிறாள். நம்ம அழுக்கை ஏன் வெளியில காட்டணும் என்று கேட்போர் உண்டு. வெளியாளுக்காக எழுதுகிறவர்களுக்குத்தான் அந்தப் பயம். நமக்குள் பேசும்போது புருசன் அடிக்கிறதையும் பேசணும், நமக்குக் கீழே ஒரு சாதியை வைத்து நாம மிதிக்கிறதையும் பேசணும். நம்மை யோக்கியர்களாகக் காட்டினால்தான் நீதி கிடைக்கும் என்பது ஆண்டைகள் போட்ட நிபந்தனை. அதை நாம ஏன் ஏத்துக்கணும்?

வட்டார வழக்கில் எழுதிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பாத்திரம் மட்டும் கொச்சையில் பேச, கதைசொல்லி சுத்தத் தமிழில் மேலே நின்று விளக்கினால் அங்கேயும் ஊர், சேரி பிரிந்துவிடும்.

தம்பிகளே, தங்கச்சிகளே, எழுதினதை எங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அம்மாவிடமோ அப்பாயியிடமோ வாசிச்சுக் காட்டுங்க. “அப்பிடியில்லடா அது” என்று அவர்கள் குறுக்கே பேசும் இடத்தைக் குறிச்சு வைங்க. திருத்த வேண்டிய இடம் அதுதான். “இதெல்லாந் தெரிஞ்சதுதான, எதுக்குச் சொல்ற?” என்று அவர்கள் கேட்கும் வரிகளைத் தயங்காமல் அடிச்சிருங்க. அந்த வரிகள் திண்ணைக்காரருக்காக எழுதியவை.