டிக்கிக்குள் ஒரு பெட்டி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் திறந்த டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து கார் ஆடியோ வேலை செய்பவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே நிற்கலாம். பேஸ் ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர் என்றாலே தெருவை அதிரவைக்கும் சங்கதி என்று நினைப்பவர்கள், கைதேர்ந்த ஆள் அதைப் பொருத்திப் பார்த்ததில்லை. அவர் முதலில் கேட்பது, "என்ன பாட்டு சார் கேப்பீங்க?" என்றுதான். மிருதங்கத்தின் தொப்பியும் இளையராஜாவின் பேஸ் கிதாரும் சுத்தமாக விழ வேண்டுமா, மூடிய பெட்டி. குத்துப் பாட்டுக்கு நெஞ்சு அதிர வேண்டுமா, துளை வைத்த பெட்டி. டிக்கியில் அரிசி மூட்டைக்கு இடம் வேண்டுமென்றால், சீட்டுக்கு அடியில் ஒடுங்கும் தட்டையான வகை. அதில் அடி கொஞ்சம் மெலிவுதான். சின்ன காருக்கு எனக்கு அதுவே பிடிக்கும்.

பெட்டி என்று முடிவானால், எம்டிஎஃப் பலகையின் இணைப்புகளில் பசை தடவி, காற்று கசிய வழியிருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்க்கிறார். கறுப்புக் கார்ப்பெட்டை மூலை மடிப்பே தெரியாமல் இழுத்து ஒட்டுகிறார். பவர் வயர் ஒரு பக்கம், சிக்னல் வயர் மறுபக்கம். சேர்த்து இழுத்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் ஏறும். உண்மையான பொறுமை அதற்குப் பிறகுதான். பாட்டைப் போட்டுவிட்டு நம்பர் பிளேட்டைத் தொடுகிறார், டிக்கி மூடியைத் தட்டுகிறார், கிடுகிடுக்கும் தகரத்தின் உள்பக்கம் பிசுபிசுக்கும் பியூட்டைல் ஷீட்டை உருளையால் அழுத்துகிறார். பேஸை மட்டும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்து, காதைச் சாய்த்து, ஒரு நூல் இறக்குகிறார். சத்தம் பின்னாலிருந்து வருவதே தெரியாமல் டேஷ்போர்டில் பிறப்பதுபோல் கேட்டுவிட்டால், அதற்குமேல் திருகைத் தொடமாட்டார், டீ சொல்லிவிடுவார்.