மழை கேட்கும் கூட்டம்: எலியாவும் நம் பாட்டு மரபும்

ஜவ்வாது மலைக்குக் கிழக்கே போளூர், செய்யாறு என்று விரியும் சமவெளியில் மழை பொய்த்தால் விராட பருவம் வைப்பது பழைய வழக்கம். பாரதப் பிரசங்கி பகலில் கதை சொல்வார். கையில் காசிருக்கும் ஊரானால் இரவில் கூத்தும் நடக்கும். தருமன் மறைந்து வாழும் நாட்டில் மழை தவறாது என்று பீஷ்மர் சொல்வது அந்தப் பருவத்தில்தான் வருகிறது. ஆகவே கதையைச் சொன்னால் வானம் இறங்கும் என்பது ஊரின் கணக்கு. ஐரோப்பிய ரொமாண்டிக் காலத்தின் மிகப் பிரபலமான வேதாகம ஆரட்டோரியோவும் வறட்சியில் தொடங்கி, முதல் பாகம் முடியும்போது மழையில் நனைகிறது. அந்த ஆரட்டோரியோவான மெண்டல்சனின் 'எலியா'வைப் பற்றி நம் பக்கத்திலிருந்து எழுத இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

1846 ஆகஸ்ட் 26 அன்று பர்மிங்காம் டவுன் ஹாலில் மெண்டல்சனே நின்று நடத்திய முதல் அரங்கேற்றத்தில் பாடியவர்கள் 271 பேர், வாத்தியக்காரர்கள் 125 பேர். ஆல்டோ வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். எட்டு உருப்படிகளை மறுபடி பாடச் சொல்லிக் கேட்டது கூட்டம். நம் நாடகக் கொட்டகைகளின் 'ஒன்ஸ்மோர்' பர்மிங்காமிலும் இருந்திருக்கிறது! மெண்டல்சனுக்கோ தன் படைப்பில் முழுத் திருப்தி இல்லை. திருத்தி எழுதி, 1847 ஏப்ரலில் லண்டனில் மீண்டும் நடத்தினார். அதே ஆண்டு நவம்பரில் 38 வயதில் இறந்துபோனார். யூதத் தத்துவஞானி மோசஸ் மெண்டல்சனின் பேரன் அவர், ஏழு வயதில் ஞானஸ்நானம் பெற்றவர். இருபது வயதில் பாஹ்கின் 'மத்தேயு பாடுகளை' பெர்லினில் மீட்டெடுத்து மேடையேற்றியவரும் அவரே. பாஹ் அந்தப் படைப்பில் கூட்டத்துக்குக் கொடுத்திருந்த வேலையை அவர் மறக்கவில்லை என்பது 'எலியா'வைக் கேட்டால் தெரியும்.

ஆரட்டோரியோவில் வேஷமில்லை, நடிப்பில்லை, திரையில்லை. எல்லாரும் கையில் புத்தகத்தோடு நின்ற இடத்தில் நின்று பாடுவார்கள். 'எலியா' தொடங்கும் விதமே விசித்திரம். வழக்கமாக முதலில் வரும் வாத்திய முன்னுரைக்கு முன்பாகவே தீர்க்கதரிசி எலியா எழுந்து மழை வராது என்று சாபம் கொடுத்துவிடுகிறார். பிறகுதான் வாத்தியங்கள் நுழைந்து, பஞ்சம் மெல்ல ஊருக்குள் வருவதுபோல ஏறுகின்றன. அதன் உச்சியில் ஜனங்கள் அலறுகிறார்கள். அந்த ஜனங்கள்தான் கோரஸ். அதே ஆட்கள் சற்று நேரத்தில் கர்மேல் பர்வதத்தில் பாகாலின் தீர்க்கதரிசிகளாகி, தங்கள் தேவனை அக்கினி அனுப்பச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். முதல் முறை கம்பீரமாக. எலியா கேலி செய்யச் செய்ய வேகம் கூடி, கடைசியில் வெறியாக. பாடல் சட்டென்று நிற்கிறது. பதில் இல்லை. மெண்டல்சன் அங்கே எழுதியிருப்பது வெறும் மௌனம். மண்டபத்தில் அது விழும்போது சில கணம் மூச்சு முட்டும்.

மழைக் காட்சியும் அப்படித்தான். வானத்தைப் பார்த்து வரச் சொல்லிச் சிறுவனை அனுப்புகிறார் எலியா. ஒன்றுமில்லை என்கிறான் அவன். வேதாகமத்தில் ஏழு தடவை; மெண்டல்சன் குறைத்துக்கொண்டார். ஆனாலும் உச்சத்தில் ஒற்றைச் சுரம் நீண்டுகொண்டே இருக்க, குழந்தைக் குரல் அதே பதிலைத் திரும்பச் சொல்வது காத்திருப்பின் கனத்தை நம் மேல் ஏற்றிவிடுகிறது. சின்ன மேகம் தெரிந்ததும் கோரஸ் பாய்ந்து வருகிறது. இந்த இடத்தில் கோரஸ் சிறியதாக இருந்தால் தூறல்தான்.

அவ்வளவு பேரை எங்கே பிடிப்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் பாட வந்ததற்கு ஜான் கர்வன் பரப்பிய டானிக் சோல்ஃபா முறையும், நோவெல்லோ நிறுவனம் அச்சிட்ட மலிவுப் பதிப்புகளும் பெரிய காரணங்கள். ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பு தெரியாதவரும் டோ, ரே, மீ எழுத்துகளைப் பார்த்துத் தன் வரியைப் பாடிவிடலாம். மிஷனரிகள் அதைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் கொண்டுபோனார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பெருங்குழுப் பாட்டு வேர்விட்ட இடம் சென்னைதான். 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. அகஸ்டின் பால் பல ஆண்டுகளாக அதை நடத்துகிறார். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் ஆர்கன் வாசித்த ஹேண்டல் மானுவேல் வானொலியிலும் மேல்நாட்டு இசைக்குப் பொறுப்பாக இருந்தார்; அவர் கையில் பழகியவர்கள் ஏராளம். பாடுகிறவர்கள் பெரும்பாலும் வங்கியிலும் பள்ளியிலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடிவருகிறவர்கள். எந்தக் கொயரிலும் சோப்ரானோவுக்குப் பஞ்சமில்லை, டெனருக்குத்தான் பஞ்சம். ஊர்க் கோயில்களில் முழு ஆரட்டோரியோ கட்டுப்படியாகாது. தபசு காலத்தில் கேண்டாட்டா என்னும் சிறிய படைப்போடு நின்றுவிடும். சாதாரணக் கோயில் பாடகர்களை மனதில் வைத்து ஸ்டெய்னர் 1887இல் எழுதிய 'தி குருசிஃபிக்ஷன்' வகையறா அது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

இவையெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் வேதாகமக் கதையைப் பாட்டாகச் சொல்லும் மரபு இதற்கு வெகு முன்பே தனியாக ஓடிக்கொண்டிருந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800இல் 'பெத்லகேம் குறவஞ்சி'யை முடித்துவிட்டார். 'எலியா' அரங்கேற இன்னும் 46 ஆண்டு இருந்தது. பின்னால் வந்த புது மிஷனரிகள் கோயிலில் தமிழ்ப் பாட்டைத் தடுக்கப் பார்த்தபோது அவர் எதிர்த்து எழுதினார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அவர் பாடல்களைத் தொகுத்து 1853இல் அச்சேற்றிய பிறகு காற்று திரும்பியது. மிஷனரி எச். ஏ. பாப்லி கதாகாலட்சேபத்தையே ஊழிய முறையாக்கினார். ஜவ்வாது மலையடிவாரத் திருப்பத்தூரில், ஊர்க்காரர்கள் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்த ஜேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், ஜெபாலயத்தையே கோபுரம் வைத்துத் தமிழ்க் கோயில் சாயலில் கட்டியது.

ஆக, ஒரே திருச்சபைக்குள் மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலை ஒரு கட்டு, கீர்த்தனை இன்னொரு கட்டு. பாமாலைக்கு நான்கு குரல், கீர்த்தனைக்கு ஒரே குரல். இரண்டும் கலந்து ஒரு பெரிய தமிழ் ஆரட்டோரியோ நிலைபெறவில்லை. ராகத்தின் கமகத்தை நான்கு குரலில் அடுக்க முடியாது என்பது வழக்கமான விளக்கம்; உண்மையும்கூட. குறில் நெடில் சிக்கலும் உண்டு. கர்நாடக சங்கீதத்திலும் குறிலை நீட்டுகிறோமே என்பீர்கள். அங்கே பாடகர் ஒருவர், நெளிந்து சமாளிப்பார். நூறு பேர் ஒரே அடியில் ஒரே அசையை வைக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. ஆனால் மெண்டல்சனுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. ஜெர்மனில் அமைந்த வரிகளை வில்லியம் பார்த்தலோமியூ ஆங்கிலமாக்க, வேதாகம வாசகம் சிதையாமலிருக்கச் சுரங்களை மாற்றிக்கொடுத்தார் மெண்டல்சன். உட்கார்ந்து உழைத்தால் தீரக்கூடியது அது.

தீராமல் கிடப்பது வேறு என்று நினைக்கிறேன். நம் கதைப்பாட்டில் கூட்டத்துக்குப் பாத்திரம் இல்லை. காலட்சேபத்தில் பாகவதர் ஒருவரே அரசன், விதவை, தீர்க்கதரிசி எல்லாம். பின்பாட்டுக்காரர் வரியைத் திரும்பச் சொல்வார், அவ்வளவுதான். கூத்திலும் பின்பாட்டு ஆட்டக்காரரைத் தாங்குகிறது. தானே பசித்து, தவறிழைத்து, மனம் மாறும் ஆளாக நிற்பதில்லை. மன்னாரின் 'எஸ்தாக்கியார் நாடகம்' போன்ற கத்தோலிக்கக் கூத்துகளிலும் கதை தனி ஆட்களைச் சுற்றியே போகிறது.

வட ஆற்காட்டில் அந்தக் கூட்டம் மேடையில் இல்லாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவின் படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி நிற்கும் ஊர் வெறும் பார்வையாளர் அல்ல. அழும், ஏசும், துடைப்பத்தால் அடிக்கும். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறும்போது கீழே குழந்தை வேண்டிக் காத்திருக்கும் பெண்கள் கதைக்குள்ளேயே இருக்கிறார்கள். மெண்டல்சன் சுரத்தில் எழுதி 271 பேரிடம் கொடுத்ததை இங்கே ஊர் எழுதாமலே செய்கிறது. பாட்டாக மட்டும் அது மாறவில்லை.

ஆகவே தமிழில் 'எலியா' எழுத வருகிறவர் கேட்க வேண்டிய இடங்களில் சென்னை மண்டபங்கள் ஒன்று, படுகளம் இன்னொன்று. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை மார்க்கேஸின் கதையைக்கூடக் கூத்தாக்கியிருக்கிறது. கர்மேல் பர்வதம் அவர்களுக்கு உயரமில்லை. முக வீணையும் மிருதங்கமும் நான்கு குரலோடு ஒட்டுமா என்பதை ஒத்திகையில்தான் பார்க்க வேண்டும். ஆனால் கோயிலுக்குள் கொண்டுவந்தால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பாகாலின் தீர்க்கதரிசிகளை அரைமனதாகப் பாடினால் காட்சி செத்துவிடும். நூறு விசுவாசிகள் பாகாலை முழுத் தொண்டையில் கூப்பிட எந்தச் சபைக் கமிட்டி சம்மதிக்கும்?