அரைகுறையாய்ப் பிறக்காத பெட்டி

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கும் எந்தக் கண்டெய்னரின் கதவிலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாகக் கட்டத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி இலக்கம் யாரும் இஷ்டத்துக்கு வைத்தது அல்ல. ஐஎஸ்ஓ 6346 விதிப்படி எழுத்துகளுக்கும் எண்மதிப்பு தந்து, வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் எடைகளால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி அது. ‘சிஎஸ்கியூயூ 305438’ என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. (மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள்; இந்த அழகான கணக்கில் அது ஓர் ஓட்டை.) இந்தப் பெட்டியை நிரலில் ஒரு கிளாஸாக எழுதிப் பார்த்தால், அதன் ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரின் கலை மதிப்புகளை நிரப்புவதில் இல்லை, மறுப்பதில் இருக்கிறது என்பது புலப்படும். மீதி பொருந்தாவிட்டால் கன்ஸ்ட்ரக்டர் பிழையை எறிகிறது. ஆப்ஜெக்ட் பிறப்பதே இல்லை. கிரேனுக்கு வேலை ஒதுக்கும் நிரலும் கப்பலில் அடுக்கும் நிரலும் அதே எண்ணை மறுபடி சோதிக்க வேண்டியதில்லை.

பிறப்பின் வரிசையில் இன்னும் நுட்பம் உண்டு. உறைந்த இறால் ஏற்றும் ரீஃபர், கண்டெய்னரிலிருந்து கிளைத்த வகை. முதலில் பொதுவான கண்டெய்னர் உருவாகும், பிறகே ரீஃபருக்குரிய வெப்பநிலை சேரும். தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர், ரீஃபர் தன் போக்கில் மாற்றி எழுதியிருக்கும் ‘சீட்டு அச்சிடு’ செயலை அழைத்தால் என்ன ஆகும்? ஜாவா ரீஃபரின் செயலையே ஓட்டும். வெப்பநிலை இன்னும் வந்து சேராததால், மைனஸ் 18 இருக்க வேண்டிய இடத்தில் 0 அச்சாகும். சி++ அந்த நேரத்தில் அதை வெறும் கண்டெய்னராகவே நடத்தி, தாயின் செயலை ஓட்டும். பிறக்காத பிள்ளையிடம் வேலை வாங்காத சி++தான் எனக்கு நேர்மையாகப் படுகிறது. பாதியில் பிழை நேர்ந்தாலும் அதுவரை கட்டிய பகுதிகளைக் கட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கலைத்துவிட்டே அது வெளியேறும்.

ஆப்ஜெக்டை முதலில் உருவாக்கி, பிறகு தனிச் செயலால் நிரப்பினால் போதாதா என்று கேட்கலாம். போதாது, இரண்டுக்கும் நடுவில் எண்ணில்லாப் பெட்டி ஒன்று நிரலுக்குள் உலவும், யாராவது அதை எடுத்துக் கப்பலேற்றுவார்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்தே சுங்கத்துறை சர்வரைக் கேட்பவர்களை ஆதரிக்க மாட்டேன். அந்தப் பதிலை வெளியே வாங்கி உள்ளே கொடுப்பதே முறை. சரியான எண்ணுள்ள பெட்டி யார்டில் இல்லாமலும் போகலாமே என்றால், உண்மைதான். கன்ஸ்ட்ரக்டர் வடிவத்துக்குத்தான் பொறுப்பு, இருப்புக்கு யார்டு பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். வலுவான ஆட்சேபம் வேறொன்று: கோப்பில் சேமித்த ஆப்ஜெக்டை ஜாவா திரும்ப எழுப்பும்போது அந்தக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரைத் தொடாமலே எழுப்பிவிடும். இவ்வளவு காவலும் அங்கே வீண். 2021இல் ஜாவா 16 நிலைப்படுத்திய ரெக்கார்டு வகையில் இந்தக் கொல்லை வழி கிடையாது. அங்கே கோப்பிலிருந்து வரும் பெட்டியும் கன்ஸ்ட்ரக்டரின் கணக்குக்கு உட்பட்டே உள்ளே வர வேண்டும்.