அசோக வனத்தில் தனிமை

சுந்தர காண்டத்துச் சீதையை அழுதுகொண்டே இருந்தவள் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. மேடையில் பேசுவோர் அவள் கண்ணீரை உருக்கமாக வருணிப்பர். வகுப்பறையிலோ காட்சிப் படலத்தின் இரண்டொரு செய்யுட்கள் சொற்பொருளோடு நின்றுவிடும். சிறைப்பட்ட ஒருத்தி அத்தனை மாதங்களையும் எதைப் பற்றிக்கொண்டு கழித்தாள் என்னும் வினா எழுவதே அரிது. கம்பர் அதற்கு விடை வைத்திருக்கிறார்.

முதற்கண் இடத்தை நோக்குக. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரோ அவளைத் தீண்டவிடாமல், பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்தெடுக்கச் செய்கிறார். இம்மாற்றம் கற்பின் பெருமை கருதியது என்று உரைத்து நிறுத்துவது போதாது. இலங்கையிலும் அவள் இருப்பது இலக்குவன் புல்லால் வேய்ந்த அதே குடிலில்தான். மீண்டு சென்ற அனுமன் இராமனிடம் இதனைத் தவறாது குறிப்பிடுகிறான். அச்சோலைக்குக் காலையும் இல்லை, மாலையும் இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறான். பழகிய கூரை, பொழுது தெரியாத சோலை! 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, தனித்து வாழ்ந்தோர் சொந்த வீட்டுக்குள்ளேயே கிழமை மறந்து கிடந்ததை நினைவிற் கொண்டவர்க்கு இக்கூற்று வெறும் வருணனையாகத் தோன்றாது.

அத்தகையோர்க்கு அப்போது பெரிதும் கூறப்பட்ட அறிவுரை, மனத்தை வேறு எதிலேனும் திருப்புங்கள் என்பதே. சீதை திருப்பவில்லை. அரசேற்க அழைத்தபோதும் அதை விட்டுப் போகச் சொன்னபோதும் ஒருபடித்தாய் இருந்த முகத்தை நினைக்கிறாள். கங்கைக் கரை வேடனை உடன்பிறப்பாக்கிய அன்பை நினைக்கிறாள். பசுக்களைப் பெற்றும் ஆசை தீராத அந்தணனைக் கண்டு இராமன் சிரித்த சிரிப்பையும் நினைக்கிறாள். நினைந்து அழுகிறாள் என்பது மெய்தான். ஆனால் அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு நினைவை விட்டுவிட்டால் அப்பகுதியிற் பாதி போய்விடும்.

அதனினும் சிறந்த இடம் ஒன்றுண்டு. அவர் உண்ணும் மெல்லிய கீரையை இனி யார் பரிமாறுவார்? விருந்தினர் வந்துவிட்டால் என்ன பாடுபடுவாரோ? இவையே அவள் கவலைகள். தன் நோய்க்கு மருந்து உண்டோ என்ற கேள்வி அதன் பின்னரே வருகிறது. அடகு என்றால் கீரை என்று ஏட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடும் மாணவனை இவ்விடத்தில் சற்று நிறுத்தவேண்டும். அமர்ந்த மண்ணைக் கறையான் அரித்தும் எழாதவளின் உள்ளம், காட்டுக் குடிலில் பரிமாறிக் கொண்டிருக்கிறது! தன்னைப் பற்றிய கலக்கம் இங்கு அறவே இல்லை என்பதன்று. இலக்குவனைச் சுடுசொல் சொன்னது அவளை உறுத்தவே செய்கிறது. எனினும் பிறர் பசியை எண்ணும் வரையில் அவளுக்கு உயிர் வாழ ஒரு வேலை இருக்கிறது.

திரிசடை ஒருத்தியே பேச்சுத் துணை. நீ உறங்குவதில்லை, ஆதலின் கனவு காண்பதுமில்லை என்று கூறி, தான் கண்ட கனவை அவள் சொல்கிறாள். தனித்திருப்பவளுக்காக இன்னொருத்தி கனவு காண்பதாக அமைந்த இந்நயம் உரைகளில் போதிய இடம் பெறவில்லை.

இனி உருக்காட்டு படலத்திற்கு வருவோம். இராவணன் வந்து மிரட்டிப் போயிருக்கிறான். காவல் அரக்கியர் உறங்கிவிட்டனர். இப்போது சீதையின் எண்ணத்தின் முகமே மாறிவிடுகிறது. அயலான் இடத்தில் இருந்தவளைத் தலைவர் வேண்டாமென விட்டிருப்பார்; பழி சுமந்து ஏன் இருக்கவேண்டும்? எல்லாம் தன்னைச் சுற்றியே சுழல்கின்றன; கீரையும் விருந்தும் மறைந்துபோயின. இறக்கத் துணிந்து மாதவிப் பொதும்பரை நோக்கி நடக்கிறாள். பத்தினியின் உறுதியைப் பாட வந்த புலவர் இத்தளர்ச்சியை மறைத்திருக்கலாம். கம்பர் மறைக்கவில்லை, அதனாலேயே முன்னைய உறுதி நம்பத்தக்கதாகிறது.

அங்கே அனுமன் தோன்றுகிறான். இராமன் ஆணையால் வந்தேன் என்கிறான். உன்னைத் தேடி உலகெங்கும் அலைவோர் எண்ணற்றோர் என்கிறான். கணையாழியை எடுப்பது அதற்குப் பிறகுதான்.