மச்சமும் மிச்சமும்

விருத்தாசலம் போய்வந்தால் கையில் ஒரு பீங்கான் பொம்மையாவது இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். கொலுவில் ஒரு படியே அந்த ஊருக்குச் சொந்தம். இந்த மாசியில் போனபோதும் பொம்மை வாங்கினேன். ஆனால் திரும்பி வருகையில் மனத்தில் கனத்தது பொம்மையல்ல, துணி.

நான் தங்கியது ஓய்வுபெற்ற ஆசிரியரான ஒரு நண்பர் வீட்டில். அவருடைய கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு துணிப்படம் மாட்டியிருந்தது. பட்டுக்கரை, சுங்குடி, காக்கி, கட்டம் போட்ட லுங்கி என்று பல துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்த ஒரு மரம். சென்னையில் ஒரு கண்காட்சியில் பிள்ளை வாங்கி அனுப்பியதாம். விலையைச் சொன்னபோது நண்பரின் குரல் தானாகவே தாழ்ந்தது.

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டார்: “அண்ணா, நீங்க கதை எழுதறவர். நியாயத்தைச் சொல்லுங்க. எங்கம்மா கிழிஞ்ச சேலையை எல்லாம் அடுக்கித் தைச்சு எங்களைப் படுக்கப் போட்டாளே, அதை யாரும் சட்டம் போட்டு மாட்டலையே? இதுக்கு மட்டும் என்ன?”

நண்பர் சிரித்தார். “அது கந்தல், இது கலை. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா? எனக்கு அந்தத் தீர்ப்பு ருசிக்கவில்லை. ஆனால் பதில் சொல்லவும் உடனே வாய் வரவில்லை. மறுநாள் மாசி மகத் தேரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பதிலின் ஒரு நுனி கிடைத்தது.

பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து என்று ஊரார் கணக்குச் சொல்வார்கள்; தேரும் ஐந்து. தேரில் நாம் மரச் சிற்பத்தைப் பார்ப்போம், உள்ளே இருக்கும் மூர்த்தியைப் பார்ப்போம். சுற்றிலும் தொங்குகிற தொம்பையை யாரும் நின்று பார்ப்பதில்லை. துணியைக் குழாய்போல் தைத்து, அதன்மேல் வேறு நிறத் துணிகளில் யாளியும் கிளியும் தாமரையும் வெட்டி வைத்துத் தைத்த தொங்கல் அது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துத் தையற்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு என்று நிறங்களும் கைவிரலில் எண்ணிவிடக் கூடியவையே.

வீட்டுக்குள் கையில் வைத்துப் பார்த்தால் தொம்பையின் யாளி முரடாகத் தெரியும். கண் ஒரு வெள்ளை வட்டம். பல் நாலு முக்கோணம். நுணுக்கமே இல்லையே என்று தோன்றும். ஆனால் அது கையில் வைத்துப் பார்க்கச் செய்ததல்ல. உயரத்தில் தொங்க வேண்டும். மாசி வெயிலில், காற்றில் ஆடவேண்டும். கீழே நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் அது யாளியென்று தெரியவேண்டும். மெல்லிய கோடு அங்கே செல்லாது. நிழல் தட்டிய நிறம் செல்லாது. ஆகவே தையற்காரர் நுணுக்கத்தை விட்டார்; நிறத்தைத் தட்டையாக வைத்தார்; ஓரத்தை அழுத்திக் கட்டினார். அவருக்கு நுணுக்கம் தெரியாமலில்லை; தேர் அவரிடம் கேட்டது அதுதான். அதே தொம்பையைக் கண்ணாடிக்குள் அடைத்து வரவேற்பறையில் வைத்துப் பாருங்கள், ஊமையாகிவிடும்.

இங்கே வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். பயன் இருந்தால்தான் கலையா? அப்படியானால் பீங்கான் கிண்ணம் எல்லாமே கலைதானே? இல்லை. விருத்தாசலத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, சுவரோரமாக மண் ஏடு கட்டுகிறது. மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்தால் பொம்மை. நூறு ஊற்றினாலும் நூறும் ஒரே பிள்ளையார்தான். பிறகு ஒட்டிய கோட்டைச் சுரண்டி, சுட்டு, வண்ணம் தீட்டும் கைகளில்தான் கொஞ்சம் வித்தியாசம் பிறக்கிறது. அச்சைக் குறை சொல்லவில்லை; ஆயிரம் வீட்டுக் கொலுவில் பிள்ளையார் உட்கார்ந்திருப்பது அதன் புண்ணியத்தால்தான். ஆனால் முடிவெடுக்க வேண்டிய இடத்தை அச்சு கையிடமிருந்து எடுத்துக்கொண்டுவிடுகிறது.

துணியிலும் அச்சு உண்டு என்பதற்கு ஓர் அமெரிக்கக் கிராமம் சாட்சி. அலபாமாவில் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது ஜீஸ் பெண்ட். ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பு மக்களின் சந்ததியார் வாழும் ஊர். குளிர் புகும் மர வீடுகளில் பெண்கள் பழந்துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைத்தார்கள். குவில்ட் என்று அதற்குப் பெயர். 1942ல் மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவைப் போர்த்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முழங்கால் தேய்ந்த இடம், வெளுக்காத இடம், கறை எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. அந்தப் போர்வையில் ஒரு துண்டையாவது மாற்றி வைக்க எனக்குத் தைரியம் வராது.

1966ல் அந்த வட்டாரத்துப் பெண்கள் ஒரு தையல் கூட்டுறவு தொடங்கினார்கள். கறுப்பு மக்கள் உரிமைக்காகப் போராடிய காலம். கைக்காசு என்பதே ஒரு விடுதலை. பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. 1972ல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறை கேட்டது. எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. அதுதான் அச்சு. ஆனால் வெட்டி மிஞ்சிய துண்டுகளை அந்தப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்களுக்கென்று போர்வை தைத்தார்கள். அந்தக் கார்டுராய் போர்வைகள் பின்னாளில் பேர்பெற்றவற்றில் சேர்ந்துவிட்டன. அதே கை, அதே துணி. கடைக்குப் போனது சரக்கு. மிச்சத்தில் பிறந்தது கலை. 2002ல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் இந்த ஊர்ப் போர்வைகள் ஏறின. 2006ல் தபால்தலைகளிலும் வந்தன. 2007ல், தங்களுக்குச் சேரவேண்டியது சேரவில்லை என்று தைத்தவர்கள் சிலர் வழக்கும் போட்டார்கள். மறு ஆண்டு அது சமரசமாக முடிந்தது. கலை என்று பெயர் வைத்தால் போதாது, கூலிக் கணக்கும் சரியாக வேண்டும் என்பதை விமர்சகர்களுக்கு அந்தப் பெண்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. 1966ல் கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியால் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அங்கே நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? ஓவியர்கள் பாத்திக் துணியும் மற்றக் கைவேலைகளும் செய்து விற்றுச் சேர்த்தது. துணி வயிற்றுக்கு, ஓவியம் ஆத்மாவுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு அவர்களைக் காப்பாற்றியது. நவீன ஓவியத்துக்கும் ஒரு முகவரி கிடைத்தது. ஆனாலும் சோழமண்டலம் என்றதும் ஓவியத்தைப் பேசுகிறோம். அதற்கு மண் வாங்கிக்கொடுத்த துணியைப் பேசுவது அபூர்வம். நண்பர் சொன்ன “அது கந்தல், இது கலை” என்பதன் படித்த உருவம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காகப் பயன் ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. வட கன்னடத்துச் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள், பழந்துணியில் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்து முக்கோணமாக ஒரு பூ வைப்பார்கள். அந்தப் பூவால் குளிர் ஒரு துளி குறையாது. ஆனால் பூ இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணமான போர்வை. தேவை என்பது குளிர் மட்டுமல்ல.

விருத்தாசலத்தில் உட்கார்ந்து மாற்று உரைக்கும் பேச்சு வந்தால் சுந்தரர் கதை வராமல் போகாது. இங்கே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். போடுமுன் ஒரு காரியம் செய்தார்: பொன்னில் கொஞ்சம் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். அங்கே எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு ஒத்துப் பார்த்தார். தெய்வம் கொடுத்ததையே உரைத்துப் பார்த்தவர்! ரசிகனுக்கும் அப்படி ஒரு மச்சம் வேண்டும். துணி வேலைக்கு என் மச்சம் இதுதான்: இந்தத் துண்டு ஏன் இங்கே வந்தது என்று கேட்டால், அந்த வேலை பதில் சொல்ல வேண்டும்.

நண்பர் வீட்டு மரத்தை மறுபடி போய்ப் பார்த்தேன். பெரும்பாலான துண்டுகள் பதில் சொல்லவில்லை. காக்கியில் இருந்த கிழிசல் கத்தரிக்கோலால் நறுக்கியது, உழைத்துத் தேய்ந்ததல்ல. வறுமையை வேஷம் போட்டிருந்தார்கள். ஆனால் அடிமரத்தில் லுங்கித் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தது. அதன் கட்டங்கள் மற்றக் கோடுகளோடு முட்டிக்கொண்டு, மரமே காற்றைத் தாங்குவதுபோல் ஒரு பிடி கொடுத்தது. அந்த இடத்தில் யாரோ ஒரு பெண் யோசித்திருக்கிறாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கடையின் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

“உங்கள் அம்மா தைத்தது ஏதாவது மிச்சமிருக்கிறதா?” என்று நண்பரின் மனைவியைக் கேட்டேன். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துவந்து விரித்தார். நாலைந்து சேலைகள், நரைத்துப்போன சாம்பலும் பழுப்பும். ஒரு ஓரத்தில் மட்டும் அரக்குச் சிவப்பில் ஒரு கரைத் துண்டு.

“இது எதற்கு?”

“அது தலைமாட்டுக்கு அடையாளம் அண்ணா. இல்லாட்டா நேத்து கால் வச்ச பக்கம் இன்னிக்குப் பிள்ளையோட தலை வந்துடுமே.”

அந்தச் சிவப்பை மூடிவிட்டுப் பார்த்தேன்; மற்றதெல்லாம் வெறும் பழந்துணி. கையை எடுத்தேன், மறுபடி முழுசாக நின்றது. இதைவிட நல்ல பதிலை எந்தச் சுவரிலும் நான் கேட்டதில்லை.

“மாட்டலாமா?” என்றார் நண்பர், சற்றே கூச்சத்தோடு.

மாட்டுவதும் விரிப்பதும் உங்கள் இஷ்டம், ஆனால் தைத்தவர் பெயரை ஓரத்தில் எழுதிவையுங்கள் என்றேன். எழுதப் பேனாவை எடுத்தவர் தயங்கி மனைவியைப் பார்த்தார். மாமியாரின் பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது.